காதல் கதை இழுக்கவில்லையா? கசியும் இடத்தைத் தேடுவோம்

கிளிநொச்சியில், ஏ9 வீதிக்குப் பக்கத்தில், போட்டோக்கொப்பியும் ரைப்செற்றிங்கும் செய்யும் ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறேன். எங்காவது சிறுகதைப் போட்டி என்று அறிவித்துவிட்டால் போதும், கொப்பியில் எழுதிய கதைகள் மேசையில் குவியும். அநேகமானவை காதல் கதைகள். வருடக்கணக்காகத் தட்டியதில், ஒரே பழுதுகள் வேறு வேறு கையெழுத்தில் வருவது தெரியத் தொடங்கியது. கொண்டுவருகிறவர் "எப்பிடி இருக்கு அக்கா?" என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் பேசாமல் தட்டிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்வேன். கேட்டவர்களுக்குச் சொன்னவைதான் கீழே இருக்கின்றன.

தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் இழுக்கவில்லை என்றால் யாரும் எடுத்தவுடன் எஞ்சினைக் கழற்றுவதில்லை. குழாய் காற்று வாங்குகிறதா, கிணற்றுக்குள் புட்வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவோம். கதைக்கும் அந்த ஒழுங்குதான். ஒவ்வொரு அறிகுறிக்குக் கீழும் பத்து நிமிடத்தில் தீரும் காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். முழுக்கத் திரும்ப எழுத வைக்கும் காரணம் கடைசியில் வரும். முதலாவதிலேயே சரிவந்தால் அதோடு நிறுத்துங்கள். நன்றாக இருந்த இடத்தையும் கிண்டிக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறியைக் கண்டுபிடிக்க நீங்களே வாசித்துப் பயனில்லை. வீட்டில் ஒருவரிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே குரல் வேகமெடுக்கிறது, எங்கே இரண்டு வரியைத் தாண்டிப் போகிறார் என்று பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு இங்கே வாருங்கள்.

## அறிகுறி: "இதுகள் ஏன் விரும்பினதுகள்?" என்று வாசிக்கிறவர் கேட்கிறார்

அதிகம் வருவது இதுதான். முதல் பக்கத்தில் காண்கிறார்கள், இரண்டாம் பக்கத்தில் உயிருக்குயிராகிவிடுகிறார்கள்.

### முதலில் பாருங்கள்: வருணனை முகத்தோடு நின்றுவிட்டதா?

கண், கூந்தல், சிரிப்பு, நிலவு, தாமரை எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வெட்டுங்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்றால் பழுது பிடிபட்டுவிட்டது. வெட்டிய இடத்தில், அவள் ஏதோ செய்துகொண்டிருப்பதை அவன் கண்டதாக ஒன்றே ஒன்றை வையுங்கள். மற்றவர்கள் பார்த்தும் கவனிக்காமல் விட்ட ஒன்றாக அது இருக்க வேண்டும்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு தம்பி கதை கொண்டுவந்தார். கதாநாயகன் நெல்லுக் குத்தும் மில்லில் வேலை செய்கிறான். முதல் கொப்பியில் இருந்தது: "அவள் வந்தாள். நிலவு நடந்து வந்தது போல இருந்தது. அவன் தன்னை மறந்தான்."

"அவள் என்ன கொண்டு வந்தவள்?" என்று கேட்டேன். நெல்லு. "எதில?" சைக்கிள் கரியரில. "சாக்கு வாயை என்னத்தால கட்டியிருந்தது?" கொஞ்சம் யோசித்தார். சணல் கயிறு. "மில்லில அதை ஆர் அவிழ்க்கிறது?" அவிழ்க்கிறதில்லை அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை சாக்கு, கத்தியால வெட்டுறதுதான் என்றார். பிறகு நான் கேளாமலே, "ஒரு பிள்ளை மட்டும் வெட்ட விடாது" என்றார். சொல்லிவிட்டு மேசையில் இருந்த ஸ்ரேப்ளரை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் மேலே கேட்கவில்லை.

இரண்டாவது கொப்பி இப்படி வந்தது:

"அவன் கத்தியை எடுத்தான். 'வெட்டாதேங்கோ' என்றாள். நகத்தால் கிண்டினாள், பிறகு பல்லால் இழுத்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கயிற்றை ஹாண்டிலில் மூன்று சுற்றுச் சுற்றினாள். அரிசியை அள்ளி முடித்ததும் அவன் கயிற்றைக் கேட்டு வாங்கித் தானே சாக்கைக் கட்டினான். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும் முடிச்சு. அதை அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவள் நெல்லோடு வந்தபோது சாக்கு வாயில் அதே முடிச்சு இருந்தது."

தட்டிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் ஒரு முழக் கயிற்றைக்கூட வீணாக்காதவள் என்பதை அவன் கண்டான். அவன் கண்டதை அவள் கண்டுகொண்டாள். வாசிக்கிறவர் நம்புவதற்கு இந்த இரண்டும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது பார்வையோடு நின்றுவிடும்.

### சரிவரவில்லையா? ஆளை மாற்றிப் பாருங்கள்

அவளை எடுத்துவிட்டு அவளுடைய தங்கச்சியை அதே இடத்தில் வையுங்கள். கதை ஒரு சொல்லும் மாறாமல் ஓடினால் அவள் இன்னும் கதைக்குள் வரவில்லை. அவனுக்குப் பதில் அவனுடைய சிநேகிதனை வைத்தும் பாருங்கள். மாற்றினால் கதை உடைந்துபோக வேண்டும். உடையும்வரை இருவருக்கும் அவரவருக்கே உரிய பழக்கம், பயம், பிடிவாதம் என்று ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள்.

### இன்னும் இல்லையா? சந்திப்புகளை எண்ணுங்கள்

இது செலவான வேலை, கதையின் முதல் பாதியைத் திரும்ப எழுத வைக்கும். ஒரே ஒரு சந்திப்பில் காதல் பிறந்திருந்தால் இன்னும் இரண்டு வேண்டும். ஆனால் ஒரே மாதிரியான மூன்று சந்திப்பைப் போட்டு ஏமாற்ற முடியாது. முதலாவதில் காண்கிறார்கள், இரண்டாவதில் கண்டதற்கு ஒரு பதில் வருகிறது, மூன்றாவதில் இருவரில் ஒருவர் எதையாவது இழக்கிறார்: அரை நாள் கூலி, முதலாளியிடம் இருந்த நல்ல பெயர், ஊரில் இருந்த மரியாதை. மில் கதையில் அவன் வரிசையைக் காக்க வைத்ததற்கு ஏச்சு வாங்குகிறான். ஏச்சு சின்னதுதான், ஆனால் அவளுக்கு முன்னால் வாங்குகிறான்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

உங்கள் சொந்தக் கதை என்றால் மற்றப் பாதிக்காரரைக் கூப்பிடுங்கள். ஒரு அண்ணை தன் காதலை எழுதிக்கொண்டு வந்தார். தான் கொடுத்த கடிதத்தில் மயங்கித்தான் அவ சம்மதித்தா என்று நாலு பக்கம். "அக்காட்டக் கேட்டனீங்களே?" என்றேன். அடுத்த நாள் சிரித்துக்கொண்டு வந்தார். அவ சொன்னாவாம்: "கடிதம் ஒண்டும் விளங்கேல்லை. மழைக்குள்ள ஒருநாள் சைக்கிளை ஓடாமல் உருட்டிக்கொண்டு வந்தனீங்கள். பக்கத்தில நடந்து வந்த என்ர அம்மாக்குச் சேறு தெறிக்குமெண்டு." நாலு பக்கமும் போய் அந்த ஒரு மழை வந்தது.

## அறிகுறி: அவள் எல்லாப் பக்கத்திலும் வருகிறாள், ஆனால் ஆளாக இல்லை

எழுதியவர் ஆண் என்றால் இந்தப் பழுது அநேகமாக இருக்கும். பெண்கள் எழுதும் கதையில் இதே பழுது கதாநாயகனுக்கு வரும்: குடிக்க மாட்டான், கோபிக்க மாட்டான், வேலையும் செய்ய மாட்டான், அவளைப் புரிந்துகொள்வது மட்டுமே அவனுடைய தொழில்.

முதல் சோதனை சுகமானது. அவன் வராத ஒரு நாளை அவளுக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். விடியப்புறம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க எத்தனை மணிக்கு எழும்புகிறாள்? அம்மா எடுத்த கிழமைக் கடனுக்கு வியாழக்கிழமை ஆள் வந்தால் யார் பதில் சொல்கிறார்? தம்பி உயர்தரம் படிக்கிறானா, படிக்கிற மாதிரி நடிக்கிறானா? இந்தப் பக்கத்தைக் கதையில் சேர்க்க வேண்டாம். எழுதி வைத்துவிட்டுக் கதையைத் திருத்தினாலே அவள் பேசும் விதம் மாறிவிடும்.

அதிலும் சரிவராவிட்டால், அவள் எத்தனை தரம் "இல்லை" சொல்கிறாள் என்று எண்ணுங்கள். ஒரு இடத்திலும் சொல்லாதவள் கடைசியில் "ஓம்" என்றால் அதற்கு என்ன பெறுமதி? சின்ன விசயத்திலாவது ஒரு மறுப்பு வேண்டும். கயிற்றை வெட்ட விடாதது ஒரு மறுப்புத்தானே.

மூன்றாவது காரணம் முதுகெலும்பையே தொடும். அவன் ஆறு மாதம் அவளுடைய சைக்கிளுக்குப் பின்னால் போகிறான், சந்தியில் நிற்கிறான், அவள் முறைக்கிறாள், கடைசியில் சிரித்துவிடுகிறாள். ஊரில் இதைச் சுழட்டுகிறது என்போம். சினிமாவில் இதைத்தான் காதல் என்று பழக்கியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை அவளே "நான்" என்று சொல்வதாக மாற்றி எழுதிப் பாருங்கள். பயம் வந்தால் நீங்கள் எழுதியிருப்பது வேறு கதை. திருத்துவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அவள் "பின்னால வராதேங்கோ" என்று சொல்லும் நாளில் அவன் நின்றுவிட வேண்டும். கதை அவன் நின்ற இடத்திலிருந்து தொடங்கட்டும்.

இங்கே கூப்பிட வேண்டியது அந்த வயதுப் பெண் ஒருத்தியை. உங்களைச் சந்தோசப்படுத்த நினைக்கும் மச்சாள் வேண்டாம், உங்களைத் தெரியாத ஒருத்தி வாசிக்கட்டும். இன்னொன்று, பதினாறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எழுத்து முடித்தான் என்று எழுதாதீர்கள். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டப்படி 1995 முதல் திருமணப் பதிவுக்குப் பதினெட்டு வயது வேண்டும். பதிவாளர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் கதைத்தால் இந்தப் பகுதி தெளிந்துவிடும்.

## அறிகுறி: வாயைத் திறந்தால் சினிமா மணக்கிறது

### முதலில் பாருங்கள்: நீங்கள், நீர், நீ

எங்களுடைய பேச்சில் இந்த மூன்றும் இருக்கிறது. இவ்வளவு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை "நீ, டா, டி" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது? ரியூசனில் ஒன்றாகப் படிக்கிறவர்கள் "நீர்" என்பார்கள். மில்லுக்கு வந்த பிள்ளைக்கு "நீங்கள்" வரும். கதையில் இந்தச் சொல் எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கேதான் உறவும் மாறுகிறது. எல்லா இடத்தையும் பேனையால் வட்டமிடுங்கள். மாற்றமே இல்லை என்றால் அங்கே கைவையுங்கள்.

மில் கதையில் அது இப்படி இருந்தது. முதல் மாதம்: "சாக்கை அங்கால வையுங்கோ." மூன்றாம் மாதம் அவன்: "போன மாசம் வரேல்லை?" ஆளைக் குறிக்கும் சொல்லே இல்லை, எதைச் சொல்வது என்று தெரியாமல் தவிர்க்கிறான். ஆறாம் மாதம் அவள்: "உமக்கு ஆர் சொன்னது நான் வருவனெண்டு?" அந்த "உமக்கு"வை எழுதிய தம்பி தெரிந்துதான் எழுதினாரா என்று கேட்டேன். அவர் கவனிக்கவில்லை. கை கவனித்திருக்கிறது.

### அதற்குப் பிறகு: "காதல்" என்ற சொல்லைத் தேடுங்கள்

உரையாடலில் அது வரும் இடமெல்லாம் வெட்டிவிட்டு வாசியுங்கள். எங்கள் பக்கத்தில் ஆட்கள் "விருப்பம்" என்பார்கள், "அவனுக்கு அவளில விருப்பமாம்." அயலட்டை "அவையள் கதைக்கினமாம்" என்று சொன்னால் விசயம் முடிந்தது. "நான் உன்னை உயிருக்குயிராகக் காதலிக்கிறேன்" என்று குளக்கட்டில் நின்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் எதிரே நின்றவர் சிரித்திருப்பார்.

வன்னியில் எல்லாருடைய பேச்சும் ஒன்றும் இல்லை. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. வீட்டுக்குள் அவர்களின் பேச்சு வேறு. உங்கள் கதாநாயகி அப்படியான வீட்டுப் பிள்ளை என்றால், அம்மாவோடு ஒரு மாதிரியும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு மாதிரியும் கதைப்பாள். எந்தப் பேச்சில் அவனோடு கோபிக்கிறாள் என்பதில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அந்தப் பேச்சு உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ள ஒருவரை வாசிக்க வையுங்கள். கேலிப் பேச்சாகப் போய்விட்டால் திருத்தவே முடியாது.

## அறிகுறி: நடுவில் தொய்கிறது, தடை பொய்யாகத் தெரிகிறது

### தேத்தண்ணிச் சோதனை

இருவரும் ஒரு கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ குடித்துக் கதைத்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது தடையே இல்லை. கடிதம் வேறு ஆளின் கையில் கிடைத்தது, அவளோடு சைக்கிளில் போனவன் கடைசியில் சொந்த அண்ணன் என்று தெரிந்தது, இப்படியானவை எல்லாம் இந்த வகை.

ஆனால் எறிந்துவிட முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தத் தேத்தண்ணியை அவர்களால் ஏன் குடிக்க முடியவில்லை? ஒரு ஆணும் பெண்ணும் பகலில் ஒரு கடையில் ஒன்றாக உட்கார்ந்தால் பின்னேரத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும் ஊர் என்றால், உங்கள் தடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடிதத்தை விட்டுவிட்டு அதை எழுதுங்கள். பழைய அகப்பாட்டுகளில் இதற்கு அலர் என்று பெயரே இருக்கிறது. ஊர் வாய் பழிக்கப் பழிக்கத்தான் அங்கே கதை நகரும். எங்கள் எழுத்தில் ஊரைக் காணோம். இரண்டு பேர் மட்டும் வெட்டவெளியில் நிற்கிறார்கள்.

### தடை உண்மை, ஆனால் உப்பில்லை

அப்பா வில்லன். மீசையை முறுக்குகிறார், அவளை அறைக்குள் பூட்டுகிறார். இவருடைய பக்க நியாயத்தை அவரே சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வாசித்து முடிய உங்களுக்கே பாதி சரி என்று பட வேண்டும்.

இங்கே அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த பெர்மிற் காணிகள் வன்னி முழுக்க இருக்கின்றன. அவற்றை நினைத்தபடி துண்டாக்க முடியாது; பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவர், என்று பெயர் போட வேண்டும். மூன்று பிள்ளைகள், ஒரு காணி. மூத்தவளுக்குச் சீதனம் என்று அதைச் சொல்லிப் பத்து வருடம் ஆகிறது. இப்போது இளையவள் மில்லில் வேலை செய்யும் ஒருவனில் விருப்பம் என்கிறாள். அந்த மனிதன் என்ன செய்வார்? சாதியைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார், காணியைப் பற்றித்தான் கதைப்பார். சாதியும் அதற்குள் இருக்கும்.

### எளிதில் தீராத தடை

இது அனுபவமில்லாத கை தொட வேண்டிய இடம் இல்லை. 2009இல் கணவன் காணாமல் ஆக்கப்பட்டவள். நாற்பது வயது. பக்கத்துத் தோட்டக்காரர் பம்ப் திருத்திக் கொடுக்கிறார், அவளுடைய மகனோடு பந்து விளையாடுகிறார். திரும்பக் கலியாணம் எழுதுவதென்றால் மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எடுத்தால் "அவர் இல்லை" என்று அவளே கையெழுத்து வைத்த மாதிரி. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உறவுகளைத் தேடுவோர் தொடங்கிய போராட்டத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போகிறாள். விண்ணப்பப் படிவம் கைப்பையில் இருக்கிறது. போராட்டக் கொட்டிலுக்குள் அவளுடைய மாமி இருக்கிறா.

இதை ஒரு பிளேன்ரீயோடு தீர்க்க முடியாது. ஒரு நாவலாலும் தீராது. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதி முடிந்ததும் அப்படி வாழ்கிற ஒருத்தி வாசித்து, "இது பொய்" என்று சொல்லும் இடங்களை மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். அவளிடம் போய் "உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்று கொப்பியை விரிக்காதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே எத்தனையோ பேர் படிவம் நிரப்பிவிட்டார்கள்.

## அறிகுறி: இடமும் காலமும் ஒட்டவில்லை

காதல் சரியாக இருந்தாலும் ஒரு பிழையான வருடம் முழுவதையும் பொய்யாக்கிவிடும். வேகமாகச் சொல்கிறேன்.

1997இல் கிளிநொச்சிச் சந்தையில் சந்திக்க வைக்காதீர்கள். 1996 செப்ரெம்பர் தொடக்கம் 1998 செப்ரெம்பர் வரை நகரம் இராணுவத்தின் கையில், சனம் அங்கே இல்லை. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் கொண்டுபோங்கள். 2005இல் ரயிலில் வந்து இறங்குகிறானா? வவுனியாவுக்கு வடக்கே 1990இல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில்தான் கிளிநொச்சிக்கு வந்தது. அவன் பஸ்ஸில் வரட்டும்; ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஓகஸ்ட்டில் மூடியது. வாகனங்கள் நின்று கும்பிட்டுப் போகும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்காமல் போனால் வாசகர் அங்கேயே கொப்பியை மூடிவிடுவார். ஒரு சரை கச்சான் வாங்கினால் அவளுக்குப் பாதி கொடுக்கலாம், அதுவும் வசதி.

ஆடி மாதத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை வயல் என்று எழுதுகிறார்கள். காலபோகம், அதாவது மாரி மழையோடு செய்யும் நெல், மாசி, பங்குனிக்குள் வெட்டி முடிந்துவிடும். சிறுபோகம் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான், அதுவும் பங்கு போட்டுத்தான். அந்த வருடம் யாருடைய வயலுக்குத் தண்ணீர் கிடைத்தது என்பதும் ஒரு குடும்பச் சண்டைக்குப் போதும்.

தொண்ணூறுகளில் நடக்கும் கதையில் அவள் வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வருகிறாள் என்றால் நான் தட்டுவதை நிறுத்திவிடுவேன். வன்னிக்குள் பொருட்கள் வர அரசாங்கம் விடாத பொருளாதாரத் தடைக் காலம் அது. பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள், மோட்டார்சைக்கிளுக்கு ஒரு துளி பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் இதே தடையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவன் பாதிச் சவர்க்காரக் கட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறான். மற்றப் பாதி அவன் தங்கச்சிக்கு. மோதிரம் கொடுத்தாலும் இந்தக் கனம் வராது.

இந்தப் பழுதுக்கு எழுத்தாளர் உதவ மாட்டார். அந்த வருடம் அந்த இடத்தில் இருந்த ஒருவரைத் தேடுங்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

## அறிகுறி: கிட்ட வந்ததும் எழுத்து ஓடி ஒளிகிறது

"மழை பெய்தது, மின்னல் வெட்டியது, விடிந்தது." கூச்சம் உங்களுக்கு, அவர்களுக்கு இல்லை. எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்லவில்லை. தொடுவதற்கு முந்திய நிமிடத்தை நீட்டுங்கள், போதும். கை எங்கே போனது, எங்கே நின்றது, யார் முதலில் சிரித்தது. அதற்குப் பிறகு கதவை மூடலாம்.

## அறிகுறி: முடிவில் எழுதியவர் அழுகிறார், வாசிக்கிறவர் அழவில்லை

"ஷெல் விழுந்தது. அவள் மடியில் அவன் உயிர் பிரிந்தது." எங்கள் கடையில் மட்டும் எத்தனை பேர் இப்படிச் செத்திருக்கிறார்கள் என்று கணக்கில்லை. நடந்ததை எழுதுகிறார்கள், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நானும் அந்தப் பாதையால் நடந்து வந்தவள்தான். ஆனால் ஷெல் யார் விரும்பினார்கள், யார் சண்டை பிடித்தார்கள் என்று பார்த்து விழுவதில்லை. கதையை எப்படி முடிப்பது என்று தெரியாத இடத்தில் அதைக் கொண்டுவந்து போட்டால், அது அடைப்பானாகத்தான் இருக்கும்.

முதல் சோதனை: சாவை எடுத்துவிடுங்கள். இருவருக்கும் இடையில் இன்னும் ஏதாவது கேள்வி மிச்சம் இருக்கிறதா? சொல்லாமல் விட்டது, மன்னிக்காமல் விட்டது, கொடுப்பதாகச் சொன்னது? இருந்தால் அதைச் சாவுக்கு முன்னால் ஒரு பக்கத்தில் கொண்டுவாருங்கள், பாதித் தூரம் சரிவந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால் பழுது முடிவில் இல்லை. முதலாவது அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

இரண்டாவது: மிச்சம் இருப்பவரைப் பாருங்கள். எல்லாரும் செத்தவரைச் சுற்றியே எழுதுகிறார்கள். மில் கதைக்கும் முதல் முடிவு ஷெல்தான், இரத்தம் தோய்ந்த சட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கதறுவாள். மூன்றாவது கொப்பியில் தம்பி அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டிருந்தார். அவன் செத்ததே நேரடியாக இல்லை. 2011, வவுனியாவில் வேறொரு மில். அவள் வரிசையில் நிற்கிறாள். வேலைக்காரன் கத்தியை எடுக்கிறான். அவள் பேசாமல் நிற்கிறாள். அவன் வெட்டுகிறான்.

கடையில் அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் போட்டோக்கொப்பிக்கு நின்றார்கள். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சந்தோசமான முடிவு வைக்க எங்களுக்கு வெட்கம். வைத்தால் இலக்கியம் இல்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நடுவர் ஒருவர் "முடிவில் சோகம் போதாது" என்று குறிப்பெழுதிய கதை ஒன்றை நான் தட்டியிருக்கிறேன். சேர்ந்து வாழுகிற கதை சரியாக அமைவது இதைவிடக் கஷ்டம். கடைசிப் பந்தியில் அப்பா மனம் மாறுகிறார், அல்லது கனடாவிலிருந்து மாமா காசு அனுப்புகிறார் என்றால் அது கடன் வாங்கிய சந்தோசம். சேர்வதற்காக இருவரும் எதைக் கைவிட்டார்கள் என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் கைவிட்டிருந்தால், நடுப்பகுதியைத் திரும்ப எழுத வேண்டி வரும்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

கதையில் சாகிறவர் உண்மையில் செத்த ஒருவர் என்றால், என்னிடம் தட்டக் கொண்டுவர முன் அவருடைய வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். பெயரை மாற்றிவிட்டேன் என்பது போதாது, ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் அப்படிப் போனார். செத்தவனின் அம்மாவுக்கு எழுத்து வாசிக்க இயலாது, ஆகவே திண்ணையில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டியிருக்கிறார். மகன் ஒரு பிள்ளையை விரும்பினான் என்று அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்குத் தெரியும். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கதையில் ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னா. கடைசி நாள் அவன் போட்டிருந்த சேட்டு நீலம் இல்லையாம். கோடு போட்டது, தானே வவுனியாவில் வாங்கிக் கொடுத்ததாம்.

நான் "நீல" என்று இருந்த மூன்று இடத்தையும் தேடி எடுத்து, "கோடு போட்ட" என்று மாற்றினேன்.